பிள்ளைகளின் தெரு புத்தகத்திலும் இருக்கட்டும்

பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்தில் தமிழாசிரியர் ஒரு கட்டுரை எழுதச் சொல்வார். 'கோடை விடுமுறையில் நான் சென்ற இடம்' என்பது தலைப்பு. நம்மில் பலரும் அந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறோம். பொய்யாக எழுதியிருக்கிறோம். ஊட்டிக்குப் போனதாக எழுதினோம். மாமா வீட்டுக்கு ரயிலில் போனதாக எழுதினோம். உண்மையில் போன இடம் வேறு. அம்மாவோடு பருத்தி எடுக்கப் போனோம். கருவேலங்காட்டில் சுள்ளி பொறுக்கினோம். வேப்பமுத்து பொறுக்கிக் கடையில் போட்டு, அந்தக் காசில் நோட்டு வாங்கினோம். கண்மாய் வற்றியபோது சேற்றுக்குள் இறங்கிக் கெளுத்தி பிடித்தோம்.

இதில் ஒன்றைக்கூட நோட்டில் எழுதலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. நாம் படித்த பாடங்களில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். அம்மா அடுப்படியில் இட்லி அவிப்பார். வீட்டுக்கு முன்னால் பூந்தோட்டம் இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து பஞ்சுத் தூசியோடு வருகிற அப்பா அதில் இல்லை. களை வெட்டப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புகிற அம்மா இல்லை. புத்தகத்தில் இல்லாத வாழ்க்கையை எழுதக்கூடாது போலிருக்கிறது என்று யாரும் சொல்லாமலே நாம் முடிவு செய்துகொண்டோம்.

அந்தக் கட்டுரை நாலு வரியில் முடிந்துபோகும். அதே பிள்ளை சாயங்காலம் தெருமுனையில் நின்று, கெளுத்தி முள் குத்திய கதையைக் கையைக் காலை ஆட்டி அரைமணி நேரம் சொல்லும். சுற்றி நிற்கிற பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும். நாலு வரிக்கும் அரைமணி நேரத்துக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

சொல் இல்லாத பிள்ளையா?

"இந்தத் தெருப் பிள்ளைகளுக்கு மொழி வராது. வீட்டில் படிப்புச் சூழல் இல்லை. சொல்வளம் குறைவு." இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்த தலித் மாணவர் நம் பக்கத்தில் அநேகமாக இருக்க மாட்டார். கொஞ்சம் நின்று யோசித்துப் பார்ப்போம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் கண்மாய்க் கரையோரம் வளர்கிற பிள்ளைக்கு மடை தெரியும், மறுகால் தெரியும், கரை எது கழுங்கு எது என்று தெரியும். தலைமுறை தலைமுறையாக மடை திறந்து நீர் பாய்ச்சியவர்கள் அந்தப் பிள்ளையின் முன்னோர். பறை அடிக்கிற வீட்டுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். தோலைச் சட்டத்தில் ஒட்ட எதற்குப் புளியங்கொட்டைப் பசை, அடிப்பதற்கு முன் எதற்குத் தீயில் காய்ச்ச வேண்டும், அடிக்குச்சிக்கும் சிண்டுக்குச்சிக்கும் என்ன வித்தியாசம், சாமிச்சாட்டு அடி எப்படி, மாரடிப்பு அடி எப்படி என்று விளக்கிச் சொல்லும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், செண்பகத்தோப்புப் பக்கம் இருக்கிற பளியர் வீட்டுப் பிள்ளைக்குக் கொம்புத்தேன் வேறு, பொந்துத்தேன் வேறு, கொசுத்தேன் வேறு.

இவ்வளவு சொல்லும் அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் அவற்றைக் கேட்பதில்லை. கேட்காத சொல்லைப் பிள்ளை வெளியே எடுப்பதில்லை. ஐந்தாம் வகுப்புக்கு வருவதற்குள், வகுப்பில் பேசாமலிருப்பதே பாதுகாப்பு என்று கற்றுக்கொண்டு விடுகிறது. அதைத்தான் 'மொழி வரவில்லை' என்று எழுதி வைக்கிறார்கள்.

தெரிந்ததைப் படித்தால் புரியும்

இதை உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை. ஆய்வும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். அந்த மாணவர்களில் 'நன்றாக வாசிப்பவர்கள்' என்று பெயர் வாங்கியவர்களும் இருந்தார்கள், 'வாசிப்பில் பின்தங்கியவர்கள்' என்று ஒதுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். படித்து முடித்ததும் நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். பேஸ்பால் தெரிந்த, 'பின்தங்கிய' மாணவர்கள், பேஸ்பால் தெரியாத 'நல்ல' வாசிப்பாளர்களை விடத் தெளிவாகச் சொன்னார்கள்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கண்மாய் உடைப்பெடுத்த கதையைப் படிக்கக் கொடுத்தால் நம் பிள்ளை முதல் வரிசையில் நிற்கும். பனி விழுகிற ஊரில் கிறிஸ்துமஸ் மரம் வெட்டிய கதையை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் கடைசி வரிசைக்குப் போகும். இரண்டிலும் பிள்ளை ஒன்றுதான். மாறியது புத்தகம்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயதில் பிள்ளை ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. எழுத்தை அடையாளம் காண வேண்டும், பொருளையும் ஊகிக்க வேண்டும். கதையில் வருகிற வீடும் வேலையும் சாப்பாடும் தெரிந்ததாக இருந்தால் இரண்டாவது வேலை பாதியாகக் குறைகிறது. 'பருத்திச் சு...' என்று படிக்கும்போதே 'சுளை' என்று வாயில் வந்துவிடும். அந்த வெற்றி அடுத்த வரியைப் படிக்கத் தூண்டும். அடுத்த வரியில் புதுச்சொல் ஒன்று வந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும்.

தமிழகத்து அறிவொளி இயக்கத்தில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும். 1990-களின் தொடக்கத்தில் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது, அவர்களின் வாழ்க்கையில் புழங்கிய 'பட்டா' போன்ற சொற்களை எடுத்துக்கொண்டார்கள். நிலம் யாருக்கு, பட்டா யார் பேரில் என்று பேச்சு எழும்பியதும் எழுத்து தானாக வந்தது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயர் 1963-இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவித்ததும் இதே வழியில்தான். பெரியவர்களுக்குச் செய்ததைப் பிள்ளைகளுக்குச் செய்ய நமக்கு என்ன தடை?

புதுப்பட்டியில் ஒரு சிறுமி

நம் பக்கத்துச் சான்று ஒன்று இருக்கிறது. வத்திராயிருப்பு அருகே புதுப்பட்டியில் 1958-இல் பிறந்தவர் எழுத்தாளர் பாமா. 1992-இல் வந்த அவருடைய 'கருக்கு', தமிழில் தலித் ஒருவர் எழுதிய தன்வரலாறுகளில் முன்னோடியாகப் பேசப்படுவது. அதில் ஒரு காட்சியை நம் மாணவர்கள் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்புப் படிக்கிற சிறுமி பள்ளிக்கூடம் விட்டு வேடிக்கை பார்த்தபடி வீட்டுக்கு வருகிறாள். களத்து மேட்டில் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், பலகாரப் பொட்டலத்தைக் கையால் பிடிக்காமல் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டபடி நிலக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். சிறுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. பொட்டலத்தைத் தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படிக் கொண்டு போகிறார் என்று விளக்குகிறார். சிரிப்பு கோபமாக மாறுகிறது. படித்தால்தான் இதிலிருந்து மீள முடியும் என்று பிற்பாடு சொல்லிக் கொடுத்தவரும் அந்த அண்ணன்தான். அவர் ஆய்வாளர் ராஜ் கௌதமன். 2024 நவம்பரில் காலமானார். அதே ஊரில் கழிந்த இளமைப் பருவத்தை 'சிலுவைராஜ் சரித்திரம்' என்ற நாவலாக எழுதியவர்.

'கருக்கு' புத்தகத்தைப் பிடித்து உலுக்கியது அதன் மொழி. தெருவில் பேசுகிற பேச்சிலேயே எழுதினார். பிள்ளைகள் முதலாளியும் கூலியாளுமாக வேஷம் போட்டு விளையாடுகிற விளையாட்டு, பட்டப்பெயர்கள், சுற்றிலும் உள்ள மலை, காடு, குளம் எல்லாம் அவற்றின் ஊர்ப்பெயரோடு வந்தன. இலக்கணம் மீறிய எழுத்து என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்துக்குப் போன அந்தப் புத்தகம் கிராஸ்வேர்டு விருது பெற்றது. பல பல்கலைக்கழகங்களில் பாடமானது. வத்திராயிருப்புப் பக்கத்துத் தெருப்பேச்சு உலகத்தின் வகுப்பறைகளுக்குப் போய்விட்டது. அந்தத் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஒரு தொடக்கப் பள்ளியில் மட்டும் பிள்ளை 'அங்கிட்டு' என்று எழுதினால் சிவப்பு மையில் சுழி விழுகிறது.

'செவி' என்று சொல்லும் பிள்ளை

நம் வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. எல்லா வீட்டிலும் பேசப்படுவது தமிழ் இல்லை. ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற சமூகங்கள் பல. அவர்களில் வசதியான வீட்டுத் தெலுங்குக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அருந்ததியர் வீட்டுத் தெலுங்குக்கு அது இல்லை. துப்புரவு வேலைக்குப் போகிற அம்மாவிடம் தெலுங்கில் பேசி வளர்ந்த பிள்ளை, முதல் வகுப்பில் தமிழை ஏறக்குறைய இரண்டாவது மொழியாகச் சந்திக்கிறது. 'காதைத் தொடு' என்று ஆசிரியர் சொல்கிறார். தெலுங்கில் 'காது' என்றால் 'அல்ல' என்று பொருள். பிள்ளை விழிக்கிறது. மந்தம் என்று பெயர் வாங்குகிறது.

அந்தப் பிள்ளை வீட்டில் காதைச் 'செவி' என்று சொல்லும். செவி, சங்க இலக்கியமும் திருக்குறளும் ஆண்ட தமிழ்ச்சொல். வீட்டை 'இல்லு' என்று சொல்லும். நாம் மேடையில் பேசும்போது 'இல்லம்' என்கிறோமே, அதன் உறவுச்சொல். தண்ணீரை 'நீள்ளு' என்று சொல்லும். அது நம் 'நீர்'. 'பாலு' நம் பால்தான். மந்தம் என்று ஓரத்தில் உட்காரவைத்த பிள்ளையின் வாயில், செய்யுளுக்குப் போகிற வழியே திறந்து கிடக்கிறது. 'இல்லு – இல்லம் – வீடு' என்று படத்தோடு எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் இருந்தால், ஒரு பருவம் கஷ்டப்பட்டுக் கற்பதை அந்தப் பிள்ளை சில வாரங்களில் பிடித்துக்கொள்ளும்.

சிறுபான்மை மொழி பேசும் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறப் போதிய வசதி செய்து தர வேண்டும் என்று நம் அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு சொல்கிறது. 1956-இல் ஏழாம் திருத்தத்தின் மூலம் சேர்ந்த பிரிவு அது. நமக்குத் தனிப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வீட்டு மொழியைத் தமிழுக்குப் போகும் படிக்கட்டாக வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கண்ணாடியும் ஜன்னலும்

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. அமெரிக்காவில் ஐந்து வயதுக் கறுப்பினக் குழந்தை ஒன்று படப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு, இதில் ஏன் எப்போதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளே இருக்கிறார்கள் என்று கேட்டது. நான்சி லாரிக் என்ற கல்வியாளர் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டுகளில் வெளியான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் புத்தகங்களை எண்ணிப் பார்த்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்ற புத்தகங்கள் 6.7 சதவீதம் மட்டுமே. 1965-இல் அவர் எழுதிய கட்டுரை பதிப்பாளர்களைத் தலைகுனிய வைத்தது. கறுப்பின மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே தம் பிள்ளைகளுக்காகத் தாமே இதழ் நடத்தினார்கள். டுபாய்ஸ், ஜெஸ்ஸி ஃபாசெட் ஆகியோர் 1920-இல் தொடங்கிய 'பிரவுனீஸ் புக்' அப்படி ஒன்று.

ருடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர் 1990-இல் இதற்கு ஓர் உவமை தந்தார். புத்தகம் சில நேரம் கண்ணாடி, சில நேரம் ஜன்னல், சில நேரம் திறந்து உள்ளே போகும் கதவு. கண்ணாடியில் பிள்ளை தன் முகத்தைப் பார்க்கும். ஜன்னல் வழியே அடுத்தவர் வாழ்க்கையைப் பார்க்கும். நம் பிள்ளைகளுக்கு இதுவரை கிடைத்தவை ஜன்னல்கள் மட்டுமே. ஆதிக்கச் சாதி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை கண்ணாடிகள் மட்டுமே. இரண்டுமே குறை.

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20.01 சதவீதம் என்கிறது 2011 கணக்கெடுப்பு. ஐந்து பிள்ளைகளில் ஒரு பிள்ளை. உங்கள் ஊர் நூலகத்துச் சிறுவர் அடுக்கில் ஐந்து புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ஒன்றிலாவது அந்தப் பிள்ளை கதைத் தலைவனாக, தலைவியாக வருகிறதா?

கைக்கு எட்டும் புத்தகங்கள்

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஹைதராபாத்தில் உள்ள அன்வேஷி ஆய்வு மையம் 2008-இல், ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த கதைகளைப் படப்புத்தக வரிசையாகக் கொண்டுவந்தது. கோகு சியாமளா, ஜூபாக சுபத்ரா போன்ற தலித் எழுத்தாளர்களும் முகம்மது கதீர் பாபுவும் அதில் எழுதினார்கள். ஆங்கிலம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளில் வந்த வரிசை அது. அதுபோல ஒன்று தமிழில், நம் கரிசல் மண்ணிலிருந்து வரவேண்டும் என்பது நம் ஆசை.

அம்பேத்கர் தம் சிறுவயதில் பள்ளியில் தண்ணீர் குடிக்கப் பட்ட பாட்டை, கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் ஆகியோர் வரைந்த 'பீமாயணம்' தமிழிலும் கிடைக்கிறது. மேல்வகுப்பு மாணவர்கள் ஒரே மூச்சில் படித்துவிடுவார்கள். கோவில்பட்டிக்காரரான உதயசங்கர் கீழடியை வைத்து எழுதிய 'ஆதனின் பொம்மை' 2023-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. கி. ராஜநாராயணன் கரிசல் சிறுவர்களைப் பற்றி எழுதிய 'பிஞ்சுகள்' இருக்கிறது. வட்டாரச் சொற்களுக்கென்றே 1982-இல் அகராதி போட்டவர் அவர். கண்மாயும் நீர்ப்பாய்ச்சியும் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய, உருளைக்குடிக்காரரான சோ. தர்மனின் 'சூல்' இருக்கிறது. அது பெரியவர்களுக்கான நாவல். ஆசிரியர் அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கதையாகச் சொல்லலாம்.

பள்ளிக்கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு புத்தகங்கள் வந்தன. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் வாசிப்புத் திறனைப் பார்த்துப் புத்தகம் கொடுக்கிற ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு. 'தேன்சிட்டு', 'ஊஞ்சல்' சிறார் இதழ்களும் அரசுப் பள்ளிகளுக்கு வருகின்றன. அவை பீரோவுக்குள் பூட்டிக் கிடக்காமல் பிள்ளைகள் கையில் அழுக்காக வேண்டும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளைப் பற்றிய கதை என்றாலே அழுகையும் அடியும் பசியுமாக இருக்க வேண்டியதில்லை. பாமாவின் 'கிசும்புக்காரன்' தொகுப்பில் எத்தனை நக்கல், எத்தனை சிரிப்பு! நம் தெருப் பிள்ளை துப்பறியட்டும். ராஜபாளையம் நாய்க்குட்டியோடு ஐயனார் கோயில் ஆற்றங்கரையில் தொலைந்துபோய்த் திரும்பி வரட்டும். சாம்பல் நிற அணிலோடு பேசட்டும். துயரத்தை மட்டும் காட்டுகிற கண்ணாடியில் யாரும் இரண்டாம் முறை முகம் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த தெருப் பிள்ளைக்கும்

இந்தப் புத்தகங்கள் நம் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்தால் தவறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளத்தை நீக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது.

கயிற்றைக் கையிலிருந்து அறுப்பது சட்டத்தால் முடியும். மனசிலிருந்து அறுக்கக் கதை வேண்டும். விஷ்ணுபுரம் சரவணன் எழுதிய 'கயிறு' என்ற சிறிய புத்தகம் பள்ளிப் பிள்ளைகள் கட்டுகிற அந்தக் கயிற்றைப் பற்றியதுதான். 'ஒற்றைச் சிறகு ஓவியா' நூலுக்காக 2025-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றவர் அவர். இப்படி ஒரு கதையை வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து சத்தமாகப் படிக்கிறபோது, அடுத்த தெருப் பிள்ளை முதல்முறையாக ஜன்னல் வழியே நம் வீட்டைப் பார்க்கும். பெயர் தெரிந்த, முகம் தெரிந்த ஒருவனை வெறுப்பது கொஞ்சம் கடினம்.

"பரீட்சை எழுத முடியுமா?"

நம் பெற்றோர் கேட்கிற கேள்வி நியாயமானது. "தெருப் பேச்சைத்தான் பிள்ளை ஏற்கெனவே பேசுதே. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறது நல்ல தமிழும் இங்கிலீசும் படிக்கத்தானே?" ஆமாம், அதற்குத்தான். அரசுத் தேர்வும் நேர்காணலும் நீதிமன்றமும் எழுத்துத் தமிழில், ஆங்கிலத்தில் நடக்கின்றன. அந்த மொழிகளை நம் பிள்ளைகள் முழுசாகக் கைப்பற்ற வேண்டும். அதில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஏணியின் மேல்படிக்குப் போக முதல்படியில் கால் வைக்க வேண்டும். 'வெள்ளாமை' என்று எழுதிய பிள்ளையிடம், தப்பு என்று அடிக்காமல், 'இதையே புத்தகத்தில் வேளாண்மை என்று எழுதுவோம்' என்று சொன்னால் அதனிடம் இரண்டு சொல் ஆகிறது. 'கருது' இருக்க, 'கதிர்' சேர்கிறது. 'வெஞ்சனம்' இருக்க, 'தொடுகறி' சேர்கிறது. அடித்து அழித்தால் பழைய சொல் போய்விடும். புதுச்சொல்லும் பயத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும்.

இந்த வாரம் செய்யக்கூடியவை

பெற்றோருக்கு: எழுதப் படிக்கத் தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். படப்புத்தகத்தைப் பிள்ளையோடு பிரித்து வைத்துக் கேளுங்கள். "இந்தப் பொம்பள என்ன செய்யுது? நம்ம வீட்டுல இத எப்படிச் செய்வோம்? அப்புறம் என்ன ஆகும்னு நெனைக்கிற?" ஆம் இல்லை என்று முடியாத கேள்வியாக இருக்கட்டும். பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் அதை ஒரு வாக்கியமாக நீட்டுங்கள். 1988-இல் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் செய்த ஆய்வில், வீட்டில் ஒரு மாதம் இப்படிக் கேள்வி கேட்டுப் புத்தகம் பார்த்த சின்னஞ்சிறு குழந்தைகள், பேச்சுத்திறனில் மற்றக் குழந்தைகளை முந்தினார்கள். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டாம், பத்து நிமிஷம் போதும்.

கல்லூரி மாணவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை சாவடியில், படிப்பகத்தில் பத்துப் பிள்ளைகளைக் கூட்டுங்கள். பாட்டிமாரை உட்கார வைத்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். சொல்லச் சொல்ல, அவர் பேசுகிற பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாலு வெள்ளைத்தாளை மடித்து நடுவில் தைத்தால் பதினாறு பக்கம். பக்கத்துக்கு இரண்டு வரி, பிள்ளைகள் வரைந்த படம். கடைசிப் பக்கத்தில் ஊர்ச்சொல் ஒரு பக்கமும் புத்தகச்சொல் ஒரு பக்கமுமாகப் பட்டியல். தெலுங்கு பேசுகிற தெருவானால் மூன்று பத்தி. அட்டையில் கதை சொன்ன பாட்டியின் பெயர் வரட்டும். பாட்டியின் பெயர் அச்செழுத்துப் போல ஒரு புத்தகத்தில் இருப்பதைப் பார்த்த பிள்ளை, புத்தகத்தை வேறு கண்ணால் பார்க்கும்.

ஆசிரியர்களுக்கு: 'நான் சென்ற சுற்றுலா' என்ற தலைப்பை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். 'எங்கள் வீட்டில் ஒரு வேலை நடக்கும் விதம்' என்று கொடுங்கள். பறை காய்ச்சுவது, சத்திரப்பட்டித் தறியில் பேண்டேஜ் துணி நெய்வது, நாற்றுப் பறித்து முடி கட்டுவது என்று வரும். எந்தப் பிள்ளையையும் அதன் சாதித் தொழிலைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். தெரிந்த வேலை எதுவோ அதைச் சொல்லட்டும். முதல் முறை பிழை பார்க்காமல் படியுங்கள். இரண்டாம் முறை சேர்ந்து திருத்துங்கள்.

ஊருக்கு: ஸ்ரீவில்லிபுத்தூரில் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கியது. அந்த ஆண்டில் நம் பூட்டன்மாரில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூட வாசலே திறக்கவில்லை. இன்று நாம் செலுத்தும் வீட்டு வரியோடு, ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்தே செலுத்துகிறோம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது, சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகளில் ஒன்று. ஆகவே நூலகரிடம் போய்க் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. மேலே சொன்ன புத்தகங்களின் பெயரை எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதம் போய், வந்துவிட்டதா என்று கேளுங்கள்.

அடுத்த ஜூன் மாதமும் பள்ளிக்கூடம் திறக்கும். அதே கட்டுரையை ஆசிரியர் எழுதச் சொல்வார். நம் தெருப் பிள்ளை ஒன்று, ஊட்டியை விட்டுவிட்டு, கண்மாய்ச் சேற்றில் கெளுத்தி பிடித்த கதையை நாலு பக்கம் எழுதட்டும். எழுதி முடித்து, கையைத் தூக்கி, "நான் வாசிக்கிறேன் சார்" என்று எழுந்து நிற்கட்டும்.